முதல் தட்டு எது?

வைரமுத்து திரைக்கென்று முதலில் எழுதிய பாட்டு 'பொன்மாலைப் பொழுது'. பாரதிராஜா இயக்கிய 'நிழல்கள்' படத்துக்காக எழுதியது. படம் 1980 நவம்பரில், தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பே, அதே ஆண்டு ஜூலையில், ஐ.வி. சசி இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த 'காளி' திரைக்கு வந்துவிட்டது. அதில் வரும் 'பத்ரகாளி உத்தமசீலி' பாட்டும் வைரமுத்து எழுதியதுதான். இரண்டு படத்துக்கும் இசை இளையராஜா. பழைய இசைத்தட்டு சேகரிக்கும் ஒருவர், பாடலாசிரியர் வைரமுத்துவின் முதல் தட்டு என்று எதை அலமாரியில் வைப்பார்?

எழுதிய வரிசையில் போனால் 'நிழல்கள்'. வெளிவந்த வரிசையில் போனால் 'காளி'. கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் விற்கிறவர் 'முதல் தட்டு' என்று சொன்னாலே விலை ஏறுகிறது. ஆவணம் எழுதுகிறவர் அதே சொல்லைப் போட்டால் வரலாறு அங்கிருந்து தொடங்கிவிடுகிறது. தேனி வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி ஒரு தடவை மட்டும் எழுவதில்லை. அல்லிநகரத்துப் பாரதிராஜா, பண்ணைப்புரத்து இளையராஜா, வைகை அணைக்காகத் தண்ணீருக்குள் போன மேட்டூர் கிராமத்தில் பிறந்து வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து என மூன்று பேரையும் இந்த மண் சென்னைக்கு அனுப்பியது. அவர்கள் தட்டுகளில் பெயர் பதித்த காலத்தில் தேனி என்றொரு மாவட்டம் கிடையாது. எல்லாம் மதுரை மாவட்டம். தேனி தனியானது 1996இல்தான். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்த படம் 'நிழல்கள்'. படம் ஓடவில்லை, பாட்டுகள் நின்றுவிட்டன. அந்தத் தட்டின் மேல் சேகரிப்பாளர்களுக்கு இருக்கும் ஆசைக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படியொரு வழக்கைப் பணம் வைத்து, பல பத்தாண்டுகளாக, விடாமல் நடத்திவருகிறவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சான அட்டைகளைச் சேகரிக்கிறார்கள். ஓர் ஆட்டக்காரரின் 'ரூக்கி' அட்டை, அதாவது அறிமுக அட்டை எது என்பதில்தான் தீராத சண்டை. பேப் ரூத்தை எடுத்துக்கொள்வோம். 1914இல் அவர் பால்டிமோர் நகரத்து இரண்டாம் நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவர் படத்தோடு ஓர் அட்டை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் அவர் பாஸ்டன் அணிக்காக முதல்நிலை ஆட்டத்தில் இறங்கினார். முதல்நிலை ஆட்டக்காரராக அவர் படம் போட்ட அட்டை 1916இல் வந்தது. சேகரிப்பாளர்களில் பலர் 1916 அட்டையைத்தான் அறிமுக அட்டை என்கிறார்கள். 1914 அட்டையை அதற்கும் முந்தையது என்று தனியாக வைக்கிறார்கள். முந்தையது என்பதால் மதிப்புக் குறைந்துவிடவில்லை. 2023இல் அந்த 1914 அட்டை ஒன்று 72 லட்சம் டாலருக்கு விலைபோனது.

மிக்கி மேன்டில் கதை வேறு. அவருடைய அறிமுக அட்டை 1951இல் போமன் நிறுவனம் போட்டது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் மக்கள் உயிரை விடுவது அடுத்த ஆண்டு டாப்ஸ் நிறுவனம் போட்ட அட்டைக்குத்தான். 2022 ஆகஸ்டில் அது ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. முதலாவது என்பது ஒன்று, பிரியமானது என்பது வேறொன்று என்பதை இந்த இரண்டு அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சொல்கின்றன. கடைசியில் 2006இல், முதல்நிலை அணியில் ஆடியவருக்கு மட்டுமே அறிமுக முத்திரை என்று அட்டைகளிலேயே அடையாளம் அச்சிடும் ஏற்பாடு வந்தது. அதற்கு முந்தைய அட்டைகளுக்கு அந்த முத்திரை கிடையாது. அவற்றைப் பற்றிய வழக்கு இன்னும் நடக்கிறது.

நம் திரையுலகிலும் முதலாவது எது என்று சொல்ல ஒரு பழக்கம் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து வகுத்த விதியல்ல, தானாக வந்தது. அறிமுகப் படத்தின் பெயர் ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். 1965 படத்தால் வெண்ணிற ஆடை மூர்த்தி, 1980 படத்தால் நிழல்கள் ரவி. கதை எழுதியவர்களும் இதற்கு விலக்கல்ல. 'அன்னக்கிளி' கதைக்காரர் அன்னக்கிளி செல்வராஜ் ஆனார். இந்தப் பெயர்களைக் கொடுத்தது கேமரா முதலில் யாரை எப்போது எடுத்தது என்ற கணக்கல்ல. கொட்டகையில் உட்கார்ந்து மக்கள் முதலில் பார்த்து, இன்னார் என்று அடையாளம் கண்ட படம்தான் பெயரானது. தமிழ்ச் சமூகம் 'முதல்' என்பதை வெளியீட்டில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் விஷயத்திலும் தமிழர்கள் இப்படியே தீர்த்துக்கொண்டார்கள். தமிழில் அவருக்கு முதலில் ஒலிப்பதிவானது 'ஹோட்டல் ரம்பா' என்ற படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடிய பாட்டு, இசை எம்.எஸ். விஸ்வநாதன். படம் வரவே இல்லை. அடுத்துப் பாடியது 'சாந்தி நிலையம்' படத்துக்கு. அது வெளிவருவதற்குள் எம்.ஜி.ஆரின் 'அடிமைப்பெண்' 1969 மே மாதம் முந்திக்கொண்டது. பாடிய வரிசையில் மூன்றாவதாக இருந்த 'ஆயிரம் நிலவே வா', கேட்ட வரிசையில் முதலாவதாகிவிட்டது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முன்கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முன்கதையை யாரும் மறைக்கவில்லை. தொடக்கம் என்றும் சொல்லவில்லை. இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இளையராஜாவுக்கு வரும்போது கணக்கு இன்னும் ஆழமாகப் போகிறது. அவருடைய முதல் தட்டு 'அன்னக்கிளி', 1976 என்று யாரைக் கேட்டாலும் உடனே சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் எந்தக் காரணத்தால் சரி என்று கேட்டால் பலரும் சொல்லும் காரணம் தவறாக இருக்கிறது. அவர் முதன்முதலாக இசையமைத்தது அதுதான் என்கிறார்கள். அது உண்மையல்ல.

மலையடிவாரத்தில், தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் இருக்கும் ஊர் பண்ணைப்புரம். மேற்கே மலை ஏறினால் கேரளத்து ஏலக்காய், தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இந்தப் பக்கத்துத் தமிழர்கள். 1958இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் தமிழ்ப் பாட்டு பாடிப் பிரச்சாரம் செய்தவர் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா ஜெயித்தார். பின்னால் தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர் எல்லாரும் அண்ணன் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். கட்சி மேடை, மாநாடு, தேர்தல் கூட்டம் என்று வருஷக்கணக்காக ஹார்மோனியம் வாசித்துப் பழகிய கைகள் அவை. 1964இல் ஜவஹர்லால் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு இளையராஜா மெட்டுப் போட்டார். அவர் சொந்தமாக இசையமைத்த முதல் ஆக்கம் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 'அன்னக்கிளி'க்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தையது.

1960களின் கடைசியில் சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் கிட்டார், பிறகு ஹார்மோனியம். அந்தக் குழுவில் பாஸ்கரும் கங்கை அமரனும்கூட இருந்தார்கள். சலில் சௌத்ரி போன்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, கன்னடத்தில் பெரிய பெயரெடுத்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. அந்த ஆண்டுகளில் அவர் கை பட்ட படங்கள் ஏராளம். 'பொண்ணுக்குத் தங்க மனசு' தட்டைப் போட்டால், பின்னால் வரப்போகிறவரின் சாயல் கேட்கிறது என்று ரசிகர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கேட்கட்டும். ஆனால் இசை ஜி.கே. வெங்கடேஷ். உதவியாளரின் சாயலைக் கேட்டுவிட்டு உரிமையையும் உதவியாளருக்கு எழுதிக்கொடுப்பது, பாட்டைத் தன் பெயரில் பொறுப்பேற்று வெளியிட்ட மூத்தவருக்குச் செய்யும் அநியாயம். ஆர்வமுள்ள சேகரிப்பாளர்கள் சிலர் இந்தத் தட்டை 'ராஜாவின் முதல் தட்டு' என்று கூறி விற்பதை நான் ஏற்கவில்லை.

அப்படியானால் 'அன்னக்கிளி' ஏன்? காரணம் பெயர். வீட்டில் ஞானதேசிகன், பள்ளியில் ராசய்யா, தன்ராஜ் மாஸ்டர் கூப்பிட்டது ராஜா. ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருந்ததால் பஞ்சு அருணாசலம் முன்னால் 'இளைய' சேர்த்தார். தேவராஜ்-மோகன் இயக்கத்தில் சிவகுமாரும் சுஜாதாவும் நடித்து 1976 மே 14இல் வந்த அந்தப் படத்தோடு பிறந்ததுதான் 'இளையராஜா' என்ற பெயர். அதற்கு முந்தைய எந்தத் தட்டிலும் அது இருக்க வழியில்லை. அதே ஆண்டிலேயே 'பாலூட்டி வளர்த்த கிளி', 'உறவாடும் நெஞ்சம்', 'பத்ரகாளி' என்று வரிசையாக வந்துவிட்டன. அவையெல்லாம் இரண்டாவதும் மூன்றாவதும்.

ஆக, என் விதி இது. பொதுமக்கள் கடையில் காசு கொடுத்து வாங்கும்படி வெளிவந்து, அந்தக் கலைஞரின் பெயரை ஆக்கியவர் என்ற இடத்தில் தாங்கிய முதல் தட்டுதான் முதல் தட்டு. எப்போது எழுதினார், எப்போது பாடினார், யாருக்குக் கீழே வேலை பார்த்தார் என்பதெல்லாம் 'முந்தையவை' என்ற தனி அடுக்குக்குப் போகும். பேப் ரூத்தின் 1914 அட்டையைப் போல, அந்த அடுக்கு சில சமயம் முதலாவதைவிட விலையுயர்ந்ததாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், பெயரை மாற்றத் தேவையில்லை.

இந்த விதியில் ஒரு வலி இருப்பதை மறைக்க முடியாது. பாவலர் குழுவின் பதினைந்து ஆண்டு உழைப்பு இதன்படி கணக்குக்கே வராது. கட்சி மேடையில் பாடியதைத் தட்டுக் கம்பெனி தேடி வந்து பதியாது. வயலும் தோட்டமும் அறுவடையும் தெரிந்த ஒரு மெட்டுக் கையிருப்பு மேடைகளிலேயே வளர்ந்து, ஒரு பகுதி சென்னைக்குப் போய்த் தட்டாகியது. மிச்சம் கேட்டவர்களோடு போய்விட்டது. 'அன்னக்கிளி'யின் நாட்டுப்புறச் சாயல் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததுபோல் 1976இல் பலர் வியந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மேடைகளைக் கேட்டிருந்தவர்களுக்கு அதில் தெரிந்த குரல் நிறைய இருந்திருக்கும். முதல் தட்டு என்ற சொல்லை நாம் கறாராக வைத்துக்கொள்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். தட்டின் தொடக்கத்தைத் தட்டின் தொடக்கம் என்று மட்டும் சொல்ல வேண்டும்; ஆளின் தொடக்கமாக அதை நீட்டக் கூடாது.

இனி பொருளுக்கே வருவோம். 'அன்னக்கிளி' தட்டு என்று ஒருவர் கையில் கொடுத்தால் அது முதல் அச்சா, பின்னால் மறுபடி அச்சடித்ததா என்று எப்படித் தெரியும்? ஓடுகிற பாட்டுக்குத் தட்டு மறுபடி மறுபடி அச்சாகும். அட்டையில் இருக்கும் ஆண்டை மட்டும் நம்ப முடியாது. மறு அச்சிலும் பழைய ஆண்டே தங்கிவிடுவது உண்டு. அனுபவம் உள்ளவர்கள் உறையை முதலில் பார்ப்பதில்லை. உறையை எந்தத் தட்டுக்கும் மாட்டிவிடலாம். தட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார்கள். பாட்டுக் கோடுகள் முடிந்து நடு லேபிள் தொடங்கும் முன் வழுவழுப்பான கறுப்பு வளையம் ஒன்று இருக்கும். முள் பாட்டு முடிந்தபின் சுற்றிக்கொண்டே இருக்கும் இடம். அந்த வளையத்தில், நேரே பார்த்தால் கண்ணுக்குப் படாதபடி, எண்ணும் எழுத்தும் பதிந்திருக்கும். எந்த அச்சுத் தகட்டிலிருந்து அழுத்தியது என்ற குறிப்பு அது. லேபிளில் இருக்கும் எண்ணும் வளையத்தில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா, லேபிளின் நிறமும் கம்பெனி முத்திரையும் அந்த ஆண்டுக்கு உரியவையா என்று அடுத்தடுத்து ஒப்பிடுவார்கள். அதே கம்பெனியின் அதே ஆண்டுத் தட்டுகள் நாலைந்து பக்கத்தில் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஒற்றைத் தட்டு வைத்திருப்பவர் அதன் வயதைச் சொல்ல முடியாது.

சிறிய தட்டா பெரிய தட்டா என்பது இன்னொரு சிக்கல். நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ஏழு அங்குலத் தட்டில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டுதான் கொள்ளும். பாட்டு அதிகமுள்ள படம் இரண்டு சிறிய தட்டாகவோ, 33⅓ சுற்று ஓடும் பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டாகவோ வரும். சில சமயம் எல்லா வடிவத்திலும் வரும். ஒரே படத்துக்கு இரண்டு சிறிய தட்டு இருந்து, வைரமுத்துவின் பாட்டு அதில் ஒன்றில் மட்டும் இருந்தால், அந்தத் தட்டுதான் அவருடையது, மற்றது அல்ல. படத்தின் பெயரை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வைரமுத்து வழக்குக்கு என் தீர்ப்பு 'காளி' பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. நான்கு மாத இடைவெளி என்பது படங்களின் வெளியீட்டு இடைவெளி. தட்டு பெரும்பாலும் படத்துக்கு முன்பே வந்துவிடும்; பாட்டைக் கேட்டுப் பழகிய பிறகு கூட்டம் கொட்டகைக்கு வர வேண்டும் என்பதே அன்றைய வியாபாரம். ஒரு படம் தாமதமானால் அதன் தட்டு எவ்வளவோ முன்னால் வந்திருக்கலாம். ஆகவே படம் வந்த தேதியை வைத்துத் தட்டின் முந்துரிமையைத் தீர்மானிப்பது அவசரம். தட்டில் ஆண்டு அச்சாகும், மாதம் அச்சாகாது, இரண்டுமே 1980. எதிர்ச்சான்று கிடைக்கும்வரை, வெளியீட்டு வரிசைப்படி 'காளி' முதலாவது. 'நிழல்கள்' பிரியமானது, மேன்டிலின் இரண்டாவது அட்டையைப் போல. 'நிழல்கள்' தட்டுக்கு அதிக விலை கொடுக்கிறவரைத் தவறு சொல்ல மாட்டேன். அதன்மேல் 'முதல் தட்டு' என்று சீட்டு ஒட்டினால் சொல்வேன். கவிஞராக வைரமுத்துவின் தொடக்கம் இந்த இரண்டிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'வைகறை மேகங்கள்' 1972லேயே புத்தகமாகிவிட்டது, அவர் கல்லூரியில் படிக்கும்போதே.

பாரதிராஜாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கன்னடத்தில் புட்டண்ணா கனகலிடம் உதவி இயக்குநராக இருந்தார். சொந்தப் பெயரில் முதலில் வந்தது 1977 செப்டம்பரில் '16 வயதினிலே'. எழுதியதும் எடுத்ததும் வந்ததும் ஒரே வரிசை. அதே தட்டில் கங்கை அமரன் எழுதி எஸ். ஜானகி பாடிய பாட்டு ஜானகிக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது. தேனிக்காரர்கள் இத்தனை பேர் ஒரு லேபிளில் நெருக்கியடித்து உட்கார்ந்த தட்டு அது.

இந்த விதி பழைய தட்டோடு முடிந்துவிடவில்லை. 1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு இளையராஜா ஒரு சிம்பொனி ஒலிப்பதிவு செய்தார். அது மக்களுக்கு வெளிவரவில்லை. 2025 மார்ச் 8இல் அதே லண்டனில் 'வேலியண்ட்' அரங்கேறியபோது அதை அவருடைய முதல் சிம்பொனி என்று பத்திரிகைகள் எழுதின; 1993 என்ன ஆயிற்று என்று ரசிகர்கள் கேட்டார்கள். 'ஹோட்டல் ரம்பா'வுக்குச் சொன்ன பதில்தான் இதற்கும். வெளிவந்ததில் முதலாவது 'வேலியண்ட்', முந்தையது 1993.

'காளி' வழக்கைத் தீர்க்கும் சான்று எங்கே இருக்கும்? சென்னையில் பழைய தட்டுகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தென்மாவட்டங்கள் நாள் முழுக்கக் கேட்ட காலம் அது. புதுத் தட்டு எந்த நாளில் ஒலித்தது என்று தெரிந்தால் பாதி வழக்கு முடியும். மீதியைச் சொல்லக்கூடியவர்கள் ரேடியோ செட் வைத்திருந்தவர்கள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று எந்த ஊரிலும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயில் கொடைக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள் புதுத் தட்டு வந்த சூட்டோடு வாங்கியாக வேண்டும். பக்கத்து ஊர்க்காரரிடம் இருந்து தன்னிடம் இல்லையென்றால் பிழைப்புப் போய்விடும். அவர்கள் தட்டு லேபிளில் மையால் செட்டின் பெயரும் வரிசை எண்ணும் எழுதுவார்கள். சேகரிப்பாளர்கள் இந்த மையைக் கறை என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள், சிலர் துடைத்தும் எடுக்கிறார்கள். அந்த எண் வாங்கிய வரிசை. ஒரே செட்டின் 'காளி'யும் 'நிழல்க'ளும் ஒன்றாகக் கிடைத்தால் எந்த எண் சிறியது என்று பார்த்துவிடலாம். கடைச் சீட்டும் உறைக்குள் இருந்தால் தேதியே கிடைத்துவிடும். பள்ளத்தாக்கின் வீட்டுப் பரண்களிலிருந்து இந்தத் தட்டுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வாங்குகிறவர்கள் தனித்தனியாகப் பிரித்து விற்காமல், ஒரு செட்டின் தட்டுகளை மையோடும் எண்ணோடும் முதலில் பட்டியலிட்டு எழுதிவைக்க வேண்டும். அந்தப் பட்டியல் 'நிழல்கள்' முந்தையது என்று காட்டினால் மேலே நான் சொன்ன தீர்ப்பை மாற்றி எழுதலாம்.